பள்ளிக்கூடத்தை யார் வரைவது

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது வாயால் கூப்பிட, பிள்ளைகள் வைத்தது கையால் கூப்பிட. ஓவிய டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் புயல். ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டினால் அவள்தான். மூக்கு நுனியில் கோபம் என்பதால் வைத்தீர்களா, கை பேசுகிற வேகத்துக்காக வைத்தீர்களா என்று கேட்டால் பிள்ளைகள் சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள். அவளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அதே பள்ளியில் படித்து, அங்கேயே டீச்சராக வந்தவள்.

நிர்வாகத் தலைவருக்குப் பெயர் கடிகாரம். யாரிடம் பேசினாலும் அவர் கண் மணிக்கட்டில்தான் இருக்கும்.

அதுவரை பள்ளி ஒரு பழைய துணிக் கிடங்கில் வாடகைக்கு நடந்துகொண்டிருந்தது. இரண்டு வகுப்புகளுக்குச் சன்னலே கிடையாது. நடைவழியில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். கையால் பேசுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால்தான் பேச முடியும். அதனால் அந்த நடைவழியில் நுழைகிற பிள்ளைகள் எல்லாரும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, மறுமுனைக்கு வந்து தொடர்வார்கள். புயல் சின்ன வயதில் அப்படி நிறுத்திய பேச்சுகளை எண்ணினால் ஒரு ஆயுளுக்குக் காணும்.

ஒருவழியாகச் சொந்த மனை கிடைத்தது. கட்டடக் குழு என்று ஐந்து பேரைப் போட்டார்கள். தலைவர், தலைமை ஆசிரியை, பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் காது டாக்டர், பெற்றோர் சார்பில் ஒரு பஸ் டிரைவர், ஆசிரியர்கள் சார்பில் புயல். ஐவரில் காது கேட்காதவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் பேசுவதை அவளுக்குக் கையால் சொல்லவும், அவள் கையால் சொல்வதை அவர்களுக்கு வாயால் சொல்லவும் அவள் தங்கச்சி கூட வந்தாள். தங்கச்சிக்குக் காது கேட்கும். அதே பள்ளியில் கிளார்க் வேலை.

குழுவுக்கு முதல் வேலை ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுப்பது. மூன்று பேரைக் கூப்பிட்டதில் ஒருவர் வரவில்லை. முதலில் வந்தவர் பெரிய ஆள். கடிகாரத்தின் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். தலை முதல் கால் வரை கறுப்பில் வந்தார். அவர் கணினியைத் திறந்ததும், கடிகாரம் எழுந்து போய்ப் படம் நன்றாகத் தெரியட்டும் என்று அறை விளக்கை அணைத்தார்.

அவ்வளவுதான். புயலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தங்கச்சி காணாமல் போனாள். திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு கட்டடம் சுழன்றது. திரை வெளிச்சத்தில் கறுப்புச் சட்டையின் தாடை மட்டும் ஏறி இறங்கியது. டாக்டர் சிரித்தார். தலைமை ஆசிரியையும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புயலுக்குத் தெரியவில்லை. தங்கச்சி கையைத் திரை வெளிச்சத்துக்குள் நீட்டி நீட்டிப் பார்த்தாள். பாதி விரல் தெரிந்தது, பாதி தெரியவில்லை.

புயல் எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

எல்லாரும் கண் கூசத் திரும்பினார்கள். கறுப்புச் சட்டை புன்னகை மாறாமல், "படம் மங்கலாயிடும்மா, கொஞ்ச நேரம்தான்" என்றார்.

புயலின் கை பறந்தது. "உங்களுக்குப் படம் மங்குது, எனக்கு எல்லாமே இருண்டு போச்சு. காது கேக்காத பசங்களுக்கு ஸ்கூல் கட்ட வந்த ஆளுக்கு, கண்ணாலதான் நாங்க கேக்குறோம்னு கூடத் தெரியாதா? முதல்ல லைட்டைப் போடக் கத்துக்கிட்டு வரச் சொல்லு!"

தங்கச்சி ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு கறுப்புச் சட்டையிடம் திரும்பி ஏதோ சொன்னாள். சின்னதாக, சிரித்த முகத்தோடு.

புயலுக்கு உதடு படிப்பது அரைகுறைதான். ஆனால் தங்கச்சியின் வாயில் ஒரு வார்த்தை மட்டும் எந்தக் கூட்டத்திலும் தப்பாது. உதடு மூடித் திறந்து, பல்லெல்லாம் தெரிந்து, கடைசியில் குவியும். 'மன்னிச்சுக்கோங்க.' சின்ன வயதிலிருந்து அக்காவுக்காகத் தங்கச்சி ஊரெல்லாம் சொல்லி வந்த வார்த்தை.

கறுப்புச் சட்டை பெருந்தன்மையாகத் தலையசைத்தார். கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார்.

*

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புயல் தங்கச்சிக்கு முன்னாலேயே நடந்தாள். செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் போய்த் தங்கச்சியின் தோளைத் தட்டித் திருப்பினாள். ஒரே வீட்டில்தான் இருவரும். தங்கச்சி புருஷன் நல்ல மனிதர், ஆனால் இவர்கள் சண்டைக்குப் பயப்படுவார். சத்தமே வராத சண்டை என்பதால் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. பாத்திரம் விழுகிற ஓசையை வைத்து நிலவரம் கணித்துக்கொண்டு கூடத்திலேயே இருப்பார்.

"நான் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன?"

"வெளிச்சம் வேணும்னு சொன்னேன். வேற என்ன?"

"அதையா சொன்னேன்? அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொன்னேன். நீ பூசி மெழுகிட்டு வந்துட்ட. கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே பூச்சு வேலையை ஆரம்பிச்சுட்டியா?"

தங்கச்சி பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். கையெல்லாம் நுரை. சோப்புக் கையோடுதான் பதில் வந்தது, நுரை சுவரில் தெறித்தது.

"ஆமா, பூசினேன். இன்னிக்கு மட்டுமா பூசறேன்? கடைக்காரன்கிட்ட, கண்டக்டர்கிட்ட, நம்ம அப்பாகிட்ட, எத்தனை பேர்கிட்ட! திட்டறது நீ, முறைப்பு வாங்கறது நானு. நீ கையை ஆட்டிட்டுப் போயிடுவ. அந்த வார்த்தை என் வாயிலேருந்துதான்க்கா வருது. அவங்க என் மூஞ்சியைத்தான் பாக்கறாங்க. நாளைக்கு அதே தலைவர்கிட்டதான் நான் கையெழுத்து வாங்கப் போய் நிக்கணும்."

 இதைப் புயல் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் கோபம் அதனால் குறையவில்லை, கூடியது. இத்தனை வருஷமாக ஊரில் எல்லாரும் தன்னை நல்ல பொண்ணு, சாந்தமான பொண்ணு என்று சொன்னதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது. அவர்கள் பார்த்தது அவளை இல்லை. தங்கச்சி வெள்ளையடித்து வைத்த ஒருத்தியை.

"அப்ப இத்தனை நாள் என்னை யாருக்கும் தெரியாது" என்றாள்.

தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அந்த வீட்டில் முதுகைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்துதான் போனார்கள், கறுப்புச் சட்டை கட்டிய ஒரு நூலகத்தைப் பார்க்க. சட்டை தைக்கக் கொடுக்கும்போதுகூடத் தையல்காரன் முன்னால் தைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறோம், பள்ளிக்கூடம் கட்டுகிறவன் கட்டினதைப் பார்க்க வேண்டாமா என்று பஸ் டிரைவர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் யாருக்கும் நேரம் இல்லை.

நூலகம் படத்தில் பார்த்ததைவிட அழகாகவே இருந்தது. அதை மறுக்க முடியாது. வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்று தங்கச்சி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று சொன்னாள். சொன்னாள் என்று புயல் ஊகித்தாள். பின்னாலிருந்து அடித்த வெளிச்சத்தில் தங்கச்சி வெறும் நிழலாகத் தெரிந்தாள். முகமும் இல்லை, விரலும் இல்லை.

புயல் அவளைக் கையைப் பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தி, தான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று பேசினாள். தங்கச்சி கண்ணைச் சுருக்கினாள், கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே உறைத்தது. கறுப்புச் சட்டையின் பிளானில் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்குப் பக்கத்தில் இதே கண்ணாடிதான்.

அங்கிருந்த நூலகர் அம்மாளிடம் தங்கச்சி விசாரித்தாள். அந்த அம்மாள் முதலில் கட்டடத்தின் விருதுகளைப் பற்றிச் சொன்னார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தியானத்துல உக்கார முடியாதும்மா. வெயில் நேரா மூஞ்சியிலதான். பழைய பேப்பரை ஒட்டி வச்சோம். ஒரு நாள் போட்டோக்காரங்களோட அவர் வந்தார். என்னைப் பிள்ளைங்க முன்னாடியே திட்டிட்டு எல்லாத்தையும் கிழிச்சுப் போடச் சொன்னார். 'என் சுவரை அசிங்கப்படுத்தாதீங்க'ன்னார். அவர் சுவராம்! இதுக்குள்ள இருக்கறது நாங்க."

தங்கச்சி இதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் விரல்கள் புயலின் வேகத்துக்குப் பறந்தன. 

*

இரண்டாவது ஆர்க்கிடெக்ட் ஒரு பெண். நாற்பது வயசிருக்கும். சிரிக்கவே மாட்டாள். கையில் எப்போதும் கடித்த பென்சில் ஒன்று இருக்கும், அதனால் பிள்ளைகள் அரை மணிநேரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். பல்லிடுக்கில் விரலை வைத்துக் காட்டினால் பென்சில். படம் காட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும் என்று கேட்டு வாங்கி, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். புயலுக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த வாரம் பென்சில் கொண்டுவந்த பிளான் பிடிக்கவில்லை. கனமான சுவர்கள். தரை முழுக்கக் கம்பளம். 'அமைதியான பள்ளி' என்று மேலே எழுதியிருந்தது.

புயலுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அமைதியா? எங்களுக்கு அமைதியைக் கட்டிக் குடுக்க ஒரு ஆர்க்கிடெக்ட் வேணுமா? அதான் பிறக்கும்போதே குடுத்து அனுப்பிட்டாங்களே! கம்பளம் எதுக்கு? தரையைக் காலால தட்டித்தான் நாங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறோம். ஒரு நாள் பூரா உக்காந்தியே, காலைப் பாக்கலையா?"

தங்கச்சி வாயைத் திறந்தாள், பூச யோசிக்கிற முகம். அதற்குள் பென்சில் கையை நீட்டித் தடுத்தாள். புயல் காலால் தரையை ஓங்கித் தட்டிக் காட்டியதை அவள் பார்த்துவிட்டாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்து, இன்னொரு முறை தட்டச் சொல்லிச் சைகை காட்டினாள். புயல் தட்டினாள். பென்சில் நிமிர்ந்து, பிளானில் 'அமைதியான' என்பதை அடித்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. பிளானைத் திருப்பிப் போட்டு, வெற்றுத் தாள் பக்கத்தில் பலகைத் தரை ஒன்றை வரைந்து நீட்டினாள்.

புயல் தன் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எல்லா வகுப்புகளையும் வட்டமாக மாற்றினாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் ஒவ்வொருவர் கையும் எல்லாருக்கும் தெரியும். பென்சில் தலையை ஆட்டி மறுத்து, மனையின் எல்லையை வரைந்து, எல்லாமே வட்டமானால் விளையாட இடமே மிஞ்சாது என்று காட்டினாள். புயல் ஆசிரியர் அறையை அடித்தாள். பென்சில் அதை மறுபடி வரைந்தாள். புயல் மறுபடி அடித்தாள். தாள் கிழிந்தது. இன்னொரு தாள் வந்தது. நடைவழியை நான்கு பேர் கைவீசிப் போகிற அகலத்துக்கு இழுத்தார்கள். திருப்பங்களில் முனையைச் சீவி, எதிரே வருகிறவர் தெரிகிற மாதிரி ஆக்கினார்கள். கடைசியில் சின்ன வகுப்புகள் மட்டும் வட்டம் என்று முடிவானது. புயல் மாடியில் வடக்குச் சன்னலோடு ஒரு ஓவிய அறையை வரைந்து, அதைச் சுற்றி மூன்று கோடு போட்டாள். அதை மட்டும் பென்சில் மறுக்கவில்லை.

தங்கச்சிக்கு இடையில் வேலையே இல்லை. டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு அந்நியரோடு நேருக்கு நேர் சண்டை போட்டு அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

*

முடிவு எடுக்கிற கூட்டம் சனிக்கிழமை காலையில். பென்சிலின் புது பிளானும் கறுப்புச் சட்டையின் வழவழப்பான புத்தகமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கடிகாரம் உட்காரும்போதே, "இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறேன். அவர் பேர் இருந்தாலே நம்ம ஸ்கூலுக்குப் பேர். நன்கொடை தானா வரும்" என்றார்.

புயல் நூலகத்தில் பார்த்ததைச் சொன்னாள். கண்ணாடிச் சுவர், நிழலாகிற முகம், கிழித்துப் போட்ட பேப்பர். டிரைவர் தலையாட்டிக் கேட்டார். தலைமை ஆசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரைச்சீலை போட்டுக்கலாம்மா" என்றார் டாக்டர், வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் பேசி.

"திரைச்சீலை போடறதுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று கேட்டாள் புயல். "கண்ணு எங்களுக்குக் காது மாதிரி. காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு பாடம் கேளுன்னு உங்க பிள்ளைங்ககிட்ட சொல்வீங்களா?"

இந்த முறை தங்கச்சி அதைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னாள். பஞ்சை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

கடிகாரத்துக்கு முகம் சிவந்தது. "எத்தனை தடவை விளக்கிச் சொல்றது? அவர் எவ்வளவு பெரிய ஆளு, நம்ம கூப்பிட்டதுக்கு வந்ததே பெரிசு. இங்க என்ன சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்காத்தான் போகுது!"

 டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். தான் என்ன சொன்னோம் என்பது கடிகாரத்துக்கு அரை நொடி கழித்துத்தான் விளங்கியது. "பழமொழியைச் சொன்னேன்" என்று முணுமுணுத்தார்.

தங்கச்சியின் கைகள் மடியில் கிடந்தன.

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள் புயல். எல்லார் முகத்தையும் பார்த்தாள். "எல்லாரும் ஏன் இப்படி உக்காந்திருக்காங்க? என்ன சொன்னார்? சொல்லு."

"அதைச் சொல்ல வேண்டாம்மா" என்று கடிகாரம் தங்கச்சியிடம் சொன்னார். "விட்டுடு."

தங்கச்சி அவரைப் பார்த்தாள். நாளைக்குக் கையெழுத்துக்கு நிற்க வேண்டிய அதே மனிதர். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, செவிடன், காது, ஊது, சங்கு என்று ஒவ்வொன்றாக, நிதானமாகக் கையால் வைத்தாள். "அதை உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னார்" என்று சேர்த்தாள்.

  புயலின் கை மேலே வந்தபோது வழக்கமான வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கடிகாரத்தின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். தங்கச்சி எழுந்து நின்று குரல் கொடுத்தாள், ஒரு பூச்சும் இல்லாமல்.

"காலங்காலமா இதுல செவிடனைத்தான் எல்லாரும் முட்டாளாக்கிட்டு வர்றீங்க. செவிடன்னு தெரிஞ்சும் சங்கை எடுத்து ஊதினானே, அவனை யாரும் கேக்கறதில்லை. அவன்தான்யா முட்டாள். நீங்க கொண்டுவந்த ஆள் எங்களுக்குக் கட்டப் போறது அதைத்தான். பளபளன்னு ஒரு சங்கு. ஊதினது அழகா இருக்குன்னு நீங்கள்லாம் போட்டோ எடுத்துப்பீங்க. உள்ள உக்காந்திருக்கறது எங்க பசங்க."

'முட்டாள்' என்ற வார்த்தை தலைவரின் முகத்துக்கு நேராகத் தங்கச்சியின் வாயிலிருந்து வந்தது.  சொல்லி முடித்தும் அவள் உட்காரவில்லை.

"இது அவங்க சொன்னது" என்றாள். "இனிமே நான் சொல்றது. இத்தனை நாள் எங்க அக்கா பேசினதை நான் பாதி முழுங்கிட்டுத்தான் உங்களுக்குச் சொன்னேன் சார். இன்னியோட அந்த வேலை முடிஞ்சுது. இனிமே எவ்வளவு கசந்தாலும் முழுசாத்தான் வரும்."

"யாருகிட்ட பேசறோம்னு தெரியுதா?" கடிகாரம் மேசையைத் தட்டினார். "வாக்கெடுப்பு வைங்க. இப்பவே!"

அவரும் டாக்டரும் கறுப்புச் சட்டைக்குக் கை தூக்கினார்கள். டிரைவர், "என் பையன் உள்ள உக்காரப் போறான் சார், எனக்கு அந்தம்மாதான்" என்றார். புயலின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. மீதி தலைமை ஆசிரியை. கடிகாரம் நியமித்தவர், அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியறியாதவர். அவர் மேசையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு வாயைத் திறக்காமலே பல்லிடுக்கில் விரலை வைத்துக் காட்டினார். பென்சில்.

கடிகாரம் எழுந்தார். "மாடிக்குப் பணம் தர்றதாச் சொன்னது என் சினேகிதர். அதை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். டாக்டர் மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

*

சொன்னபடியே மாடி போயிற்று. பிளானிலிருந்து மாடியை நீக்கியபோது அதோடு ஓவிய அறையும் போயிற்று. பெற்றோர் சிலர் பள்ளி வாசலில் தங்கச்சியை நிறுத்தி, "உங்க அக்கா கொஞ்சம் அடக்கிப் பேசியிருந்தா மாடி கிடைச்சிருக்கும். தவளை தன் வாயால கெட்ட கதை" என்றார்கள். தங்கச்சி சொன்னதை நிறைவேற்றினாள். அதையும் முழுசாக அக்காவிடம் சொன்னாள். புயல் அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் பென்சிலின் அலுவலகத்துக்குப் போய்ப் புதுப் பிளானை மேசையில் வீசினாள். "நான் வாங்கிக் குடுத்த வேலை. என் அறையைத்தான் முதல்ல வெட்டினியா?" என்று எழுதி நீட்டினாள்.

"மாடியே இல்லை. மாடியில இருந்த அறையை எங்க வைக்கிறது?" என்று பென்சில் எழுதிக் காட்டினாள்.

"ஆசிரியர் அறையை எடு."

"நாலு டீச்சர் எங்க உக்காருவாங்க?"

"என்னை மாதிரி நின்னுக்கட்டும்."

இப்படியே ஒரு மத்தியானம் முழுக்க எழுதியும் கிழித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. சுவர் எழும்பும்போது ஒரு திருப்பத்தில் முனை சீவாமல் நேராக ஏறிவிட்டது. இடம் குறைந்த புதுப் பிளானில் பென்சில் அதை விட்டுவிட்டாள். புயல் கண்டுபிடித்துத் தளத்திலேயே நின்று சண்டை பிடித்தாள். "மறந்துட்டேன்" என்று பென்சில் நேராகவே எழுதிக் காட்டிவிட்டு, மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்த மூலையை இடிக்கச் சொன்னாள். அதற்கப்புறமும் ஒரு வாரம் புயல் அவளோடு பேசவில்லை.

பள்ளி இப்போது அங்கேதான் நடக்கிறது. ஒற்றைத் தளம், பலகைத் தரை. பிள்ளைகள் நடைவழியில் நான்கு பேராகக் கைவீசிப் பேசிக்கொண்டே போகிறார்கள். யாரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவதில்லை. ஓவிய வகுப்பும் அதே நடைவழியில்தான். சாயம் பலகையில் கொட்டிவிட்டது என்று தலைமை ஆசிரியை வாரம் ஒருமுறை வந்து கையால் சத்தம் போடுகிறார். "மாடியைக் கட்டிக் குடுங்க, கொட்டாது" என்று புயல் திருப்பிச் சத்தம் போடுகிறாள். மாடிக்காக நன்கொடை கேட்டு அக்காவும் தங்கச்சியும் ஊரில் ஒவ்வொரு பெரிய மனிதராகப் போய்ப் பார்க்கிறார்கள். உட்காரச் சொல்லாதவர்கள், தங்கச்சியை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள், பார்க்கலாம் என்று அனுப்புகிறவர்கள் என்று பலரைப் பார்த்தாயிற்று. ஒருவரும் திட்டு வாங்காமல் தப்பவில்லை.